காப்புக் கட்டிய ஊரிலிருந்து கொழும்புக்கு ஒரு பகல்

போன வைகாசியில் எங்கள் ராக் இசைக்குழு மூன்று நாடுகளில் வாசித்துவிட்டு வந்தது. குழுவின் பெயர் 'புழுதி'. நாங்கள் மூன்று பேர். பழைய மதுரைக்காரன் ரஃபி பாடுவான், கிதார் வாசிப்பான். பேரையூர்ப் பக்கத்துக் கருப்பசாமிக்கு டிரம்ஸ், எங்களுக்கு அவன் கருப்பு. திருநகரில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் எனக்கு பேஸ் கிதார். கடை மாடிதான் எங்கள் ஒத்திகை அறை. 'தண்ணி லாரி' என்ற எங்கள் புது ஆல்பத்தை நாலு பேர் காதில் போடுவதற்காகத்தான் இந்தப் பயணம். கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று கேட்பதற்குப் பெரிதாக இருக்கும். திரும்பி வந்து மூன்று வாரமாகியும் எனக்கு இடுப்பு நிமிரவில்லை.

இதுபோல் கிளம்ப நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். நாங்கள் செய்த தப்பிலிருந்தே தொடங்குகிறேன். அதைச் செய்தது நான்தான்.

சனிக்கிழமை காலை மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம். வியாழக்கிழமை மதியம் வேன் எடுத்துக்கொண்டு கருப்புவின் ஊருக்குப் போனோம். திருநகரிலிருந்து திருமங்கலம், பேரையூர் வழியாக நாற்பத்தெட்டு கிலோமீட்டர். அவனையும் டிரம்ஸையும் ஏற்றிக்கொண்டு ஐந்தரைக்குள் அவன் ஊர் எல்லையைத் தாண்டிவிட வேண்டும் என்பது பேச்சு. அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த ஊர் அம்மன் கோயிலில் காப்புக் கட்டு.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் நேரத்தில் ஊர் எல்லைக்குள் இருக்கும் உள்ளூர்க்காரர்கள், விழா முடியும்வரை இரவு வெளியே தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், ராத்திரிப் பூசைக்குள் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். கட்டுவதற்கு முன்பே வெளியேறியவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அங்கே ஒன்பது நாள் திருவிழா. அந்த ஒன்பது நாளுக்குள்தான் எங்கள் மூன்று நிகழ்ச்சிகளும் இருந்தன.

பருத்தி எடுத்து முடித்த காய்ந்த காட்டில் கருப்பு டிரம்ஸ் வாசிப்பதுபோல் ஒரு வீடியோ எடுக்கலாம் என்று கிளப்பிவிட்டவன் நான். வெயில் சாய்ந்தால் நன்றாக இருக்குமே என்று இழுத்தேன். ஐந்து மணிக்கு வேன் ஓட்டிய மொக்கச்சாமி அண்ணன் வந்து, "அண்ணே, ஆறு மணிக்குக் காப்புக் கட்டுறாங்க. இப்பவே கெளம்பிருவோம்" என்றார். பத்து நிமிடம் என்றேன். அந்தப் பத்து நிமிடம் எப்படிப் போகும் என்று கேமராவைப் பிடித்தவர்களுக்குத் தெரியும். கருப்பு தூரத்தில் நேரம் தெரியாமல் டிரம்ஸோடு இருந்தான், அவன் போன் வேனுக்குள் கிடந்தது. அவன் அம்மா மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார். வேன் ஊர் எல்லையைத் தாண்ட இன்னும் இருநூறு மீட்டர் இருக்கும்போது கோயிலில் கொட்டுச் சத்தம் எழுந்து குலவை போட்டார்கள். மொக்கச்சாமி அண்ணன் தானாகவே வண்டியை ஓரங்கட்டினார்.

வெள்ளிக்கிழமை முழுக்கச் சண்டை. இரவு வெளியே தங்கினால் என்ன ஆகிவிடும் என்று ரஃபி கத்தினான். கருப்பு கத்தவில்லை. "எனக்கு ஒண்ணும் ஆகாது ரஃபி. ஆனா அடுத்த வருசத்துக்குள்ள ஊருல ஒரு மாடு செத்தாலும், ஒருத்தன் வண்டியில இருந்து விழுந்தாலும் எங்காத்தா தலையிலதான் விடியும். நான் சிங்கப்பூருல இருப்பேன், அது அங்கதான இருக்கணும்" என்றான். பாஸ்போர்ட்டுக்காக அவன் மதுரைக்கு நாலு நடை நடந்தவன். முதல் வெளிநாட்டுப் பயணம். ஆல்பத்தில் பாதிப் பாட்டு அவன் போட்ட தாளத்தில் பிறந்தது.

கொழும்பை மட்டுமாவது காப்பாற்றலாம் என்று தோன்றியது. மதுரையிலிருந்து ஒரு மணி ஐந்து நிமிடம்தானே. அங்கே ஏற்பாடு செய்தவரிடம் கெஞ்சி, இரவு ஏழு மணி நிகழ்ச்சியைப் பிற்பகல் இரண்டுக்கு மாற்றினோம். போகவர ஒருவருக்குப் பதினோராயிரத்து எண்ணூறு ரூபாய் ஆனது. சிம்பல் தட்டுகளும் சின்ன ஸ்நேர் டிரம்மும் வைத்த பைக்குத் தனியாக மூவாயிரத்து இருநூறு. பெரிய டிரம்ஸ் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும், இங்கிருந்து தூக்காதீர்கள்.

காலை 9.40க்கு ஏறி 10.45க்கு இறங்கினோம். விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு விரைவுச் சாலையில் முக்கால் மணி நேரம். வழியில் கருப்பு ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவே இல்லை. கடல் பார்க்க வேண்டும் என்றான், அதற்கு நேரமில்லை என்றேன். அதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டு மணி வெயிலில் ராக் கேட்க யார் வருவார்கள்? நாற்பது பேர் இருந்திருப்பார்கள். அதில் ஏழெட்டுப் பேர் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்திருந்தார்கள். ஆனால் கருப்பு வாசித்தான் பாருங்கள். நாலாவது பாட்டில் நானும் ரஃபியும் நிறுத்திவிட்டு அவனையே வாசிக்க விட்டோம். மூன்று மணிக்கு முடித்து, வேர்வை காயாமல் நாலு மணிக்கு விமான நிலையத்தில் நின்றோம். ஆறு மணி விமானம் 7.05க்கு மதுரையில் இறக்கிவிட்டது.

காலையில் கொழும்பு போய் சாயங்காலம் திரும்புபவர்களை மதுரை சுங்கத்தில் எப்படிப் பார்ப்பார்கள் என்று யோசிக்காமல் விட்டது அடுத்த தப்பு. தங்கம் கடத்துகிறவர்கள்தான் அப்படிப் போய்வருவார்கள். நாங்களோ கையில் ஒரு டிரம்மையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தோம். என்ன வேலையாகப் போனீர்கள், ஏன் தங்கவில்லை என்று அதிகாரி கேட்டார். ரஃபி ஆல்பம், விளம்பரம் என்று இழுத்துக்கொண்டிருந்தான். கருப்பு குறுக்கே வந்து, "ஊர்ல காப்புக் கட்டியிருக்கு சார். ராத்திரிப் பூசைக்குப் போகணும்" என்றான். அதிகாரி எந்த ஊர், எந்தக் கோயில், எத்தனையாவது நாள் என்று விசாரித்தார். அவர் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரராம். முழுக்க நம்பினார். நம்பிவிட்டு, டிரம்மின் தோலைக் கழற்றி உள்ளே கைவிட்டுத் தடவியும் பார்த்தார். அது அவர் வேலை, குறை சொல்ல முடியாது. வெளியே வரும்போது மணி எட்டு.

பூசை எட்டரைக்கு. விமான நிலையத்திலிருந்து ஊர் எல்லைக்கு ஐம்பத்தாறு கிலோமீட்டர். மொக்கச்சாமி அண்ணன் கணக்குப் போட்டுப் பார்த்து, ஒன்பதே காலுக்கு முன்னால் முடியாது என்றார். திருமங்கலம் தாண்டியதும் நான் வாயைத் திறந்தேன். அண்ணன் ஐந்து மணிக்கே எச்சரித்ததையும், நான் கருப்புவிடம் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். அவன் கழற்றிய டிரம்மை மடியில் வைத்து ஒவ்வொரு திருகாகப் போட்டுக்கொண்டிருந்தான். "சரிண்ணே" என்றான், அவ்வளவுதான்.

எல்லையில் இறங்கும்போது 9.20. தப்பாகிவிட்டது என்றுதான் நினைத்தோம். கோயிலில் பூசை தொடங்கவே இல்லை. கற்பூரம் ஏற்றாத தட்டோடு பூசாரி உட்கார்ந்திருந்தார், ஊரே பசியோடு காத்துக்கொண்டிருந்தது. கருப்புவின் அம்மா பூசாரியிடம், "எம்மகன் வாரேன்னுட்டான், வந்துருவான்" என்று சொல்லியே ஐம்பது நிமிடம் நிறுத்தி வைத்திருக்கிறார். அவனைக் கண்டதும் எழுந்து வந்தார். தலைமுடியில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டுப் பூசாரியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எனக்கு அங்கே நிற்கவே வெட்கமாக இருந்தது.

புதன்கிழமை நானும் ரஃபியும் மட்டும் திருச்சியிலிருந்து கோலாலம்பூர் போனோம். அங்கே ஒரு தமிழர் டிரம்ஸ் வாசிக்க ஒத்துக்கொண்டார். முப்பது வயதிருக்கும், வங்கியில் வேலை. ஒரே நாளில் எட்டுப் பாட்டையும் கேட்டுவிட்டு வந்தார். மாடியில் சின்ன அரங்கு, இருநூறு பேர், உட்கார இடமில்லை. இந்தப் பயணத்திலேயே சிறந்த நிகழ்ச்சி அதுதான். எழுதக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

அடுத்த நாள் காலை கருப்பு கூப்பிட்டான். வீடியோ பார்த்திருந்தான். எப்படி வாசித்தார் என்று கேட்டான். நல்லா வாசித்தார் என்றேன்.

"என்னயவிடவாண்ணே?"

பொய் சொல்லியிருக்கலாம். ஏற்கெனவே ஒன்றை மறைத்து இவ்வளவு தூரம் வந்திருந்தேன். "ஆமாடா" என்றேன்.

அந்தப் பக்கம் கோயில் கொட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "அப்ப சிங்கப்பூருக்கும் அவரையே கூட்டிட்டுப் போங்கண்ணே. நாலாவது பாட்டுல மட்டும் அவசரப்படாம வாசிக்கச் சொல்லுங்க" என்றான். அவன் என்னைத் திட்டியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன். சிங்கப்பூருக்கு ஆறு மணி நேரப் பேருந்து. வழி நெடுக விழித்தே இருந்தேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கொழும்புக்கும் மலேசியாவுக்கும் இணையப் படிவங்களைக் கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள். போன அன்றே திரும்புவதாக இருந்தால், நிகழ்ச்சி விளம்பரம், அழைப்புக் கடிதம் எல்லாவற்றையும் அச்செடுத்துக் கையில் வையுங்கள், சுங்கத்தில் கொஞ்ச நேரம் மிச்சமாகும். டிக்கெட் போடுவதற்கு முன், குழுவில் ஒவ்வொருவர் வீட்டிலும் அவர்கள் ஊரில் எப்போது காப்புக் கட்டு என்று கேளுங்கள். மகனிடம் கேட்காதீர்கள், அம்மாவிடம் கேளுங்கள். ஓட்டுநர் கிளம்பச் சொன்னால் கிளம்பிவிடுங்கள்.

திரும்பி வந்ததும் கருப்பு எப்போதும்போல் ஒத்திகைக்கு வருகிறான், சிரிக்கிறான், ரஃபியை வம்புக்கு இழுக்கிறான். ஒரே வித்தியாசம், எங்களுக்கு ஒரு மணி நேரம் முன்பே பேரையூர் பஸ்ஸில் வந்துவிடுகிறான். நேற்று கடையில் வேலை சீக்கிரம் முடிந்து மாடி ஏறினேன். பாதிப் படியிலேயே நாலாவது பாட்டு கேட்டது. கோலாலம்பூரில் அந்த வங்கிக்காரர் வாசித்த மாதிரியே, அதே அவசரத்தோடு வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கதவைத் திறந்ததும் நிறுத்திவிட்டான்.