திருப்பங்களில் காத்து நின்ற கார்கள்

எனது தம்பி யாழ்ப்பாணத்து அளவெட்டியில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் அவர் கடைசி, நான் மூத்தவன். ஊரின் வளத்தையும் எங்கள் குடும்பத்தின் பெருமையையும் இந்த நினைவு மலரின் முன்பக்கங்களில் மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் பாதி மிகை. நான் தம்பியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

"பெரியப்பா, எல்லாருக்கும் எழுதுறமாதிரி எழுதாதேங்கோ. பேரை மாத்தினா ஆருக்கும் பொருந்துற கட்டுரை வேண்டாம்" என்று என் பெறாமகள், தம்பியின் ஒரே பிள்ளை, கேட்டுக்கொண்டாள். ரொறன்ரோவில் பிறந்தவளுக்கும் இந்த மலர்களின் இலட்சணம் தெரிந்திருக்கிறது. இத்தகைய கட்டுரைகளை ஊராருக்கு எழுதிக் கொடுத்தே பெயரெடுத்தவன் நான். "மாஸ்ரர், ஒரு ரெண்டு பக்கம்" என்றால் போதும், அயலவனுக்கு ஒரு வாய் தேநீர் கொடுக்காதவரையும் கொடைவள்ளலாக்கி விடுவேன். நீங்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசிப்பீர்கள்.

தம்பி உயிரோடிருந்த காலமெல்லாம் அவரை ‘அவன்’, ‘உவன்’ என்றுதான் சொன்னேன். இங்கே ‘அவர்’ என எழுதுகிறேன். இந்த மரியாதையால் இனி அவருக்கு ஒரு பயனும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

ஊரில் குண்டு விழத் தொடங்கிய பின் நான் முதலில் கனடா வந்தேன். அவர் பிறகு வந்தார். ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரே அறையில் பலரோடு படுத்தோம். இரவில் உணவகமொன்றில் கோப்பை கழுவினார், பகலில் கணக்கியல் படித்தார். அந்த உணவகத்தின் பின்வாசலில் ஒருநாள் கூரையில்லாத, இரண்டே பேர் இருக்கக்கூடிய சிறிய காரொன்று நின்றதாம். சாப்பிட வந்த வயோதிபர் ஒருவர் அதைத் தன் கையாலேயே கட்டியதாகச் சொல்லி, ஈரக்கையோடு நின்ற தம்பியை அதில் ஏறி இருக்கச் சொன்னாராம்.

"அண்ணை, நானும் ஒண்டு கட்டுவன்."

"முதல்லை ஒரு நல்ல சப்பாத்து வாங்கு. கோப்பை கழுவுறவனுக்குக் கார் ஒரு கேடு."

ஊரில் கணித வாத்தியாராக இருந்த நான் அப்போது இங்கே இரவுக் காவலாளி. காவலாளிக்கு என்ன திமிர் பாருங்கள்.

அதன்பின் நீண்டகாலம் அவர் காரைப் பற்றிப் பேசவில்லை. காப்புறுதி நிறுவனமொன்றில் கணக்காளர் ஆனார். சகோதரிகளுக்குத் திருமணம் செய்து வைத்தார். தாயை இங்கே அழைத்துக் கடைசிவரை பார்த்தார். மகளைப் படிப்பித்தார். பிக்கரிங்கில் வீடு வாங்கினார். ‘கார்ப் பைத்தியம் பிடித்துக் குடும்பத்தைக் கவனிக்கவில்லை’ என்று கதைத்தவர்கள் இதை ஒருமுறை வாசிக்கவும். அவர்களில் சிலர் கடைசியாக எந்தச் சகோதரத்தைக் கவனித்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கதையைத் தொடக்கிவிட்டவன் நான்.

ஐம்பது வயதைக் கடந்த பின்னர்தான் அவரது கராஜுக்குக் கார் கட்டும் பாகங்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. காரின் இரும்புச் சட்டமும் பைபர்கிளாஸ் கூடும் பெட்டிகளில் வரும். இயந்திரத்தையும் கியர்பெட்டியையும் பழைய கார் ஒன்றிலிருந்து கழற்றிப் பொருத்த வேண்டும். குளிர்காலம் குளிர்காலமாகக் கராஜில் நின்று கட்டினார். ஆசனங்களை முன்னே பின்னே நகர்த்த முடியாதபடி தரையோடு இறுக்கிவிட்டார். ஓட்டுநர் ஆசனம் அவருடைய அளவுக்கு, மற்றது அவரது துணைவியாரின் அளவுக்கு. மிதிகட்டைக்கு முன்னால் தம்பியின் குதிக்கால் எங்கே விழும் என்று சோக்குக் கட்டியால் கோடு போட்டவரும் அந்த அம்மையார்தான். அந்த வீட்டில் அது இருவரின் மகிழ்ச்சியாக இருந்தது. நாங்கள் அதை ஒருவரின் பைத்தியமாகப் பார்த்தோம்.

நாங்கள் அங்கே தேநீர் குடிக்கப் போவோம், பிறகு கராஜுக்குச் சிரிக்கப் போவோம். "உவன் பிளாஸ்ரிக் வாளிக்குச் சில்லுப் பூட்டுறான்" என்று முதலில் சொன்னவன் நான். எவ்வளவு மலிவான பகிடி. அதையே எத்தனை கலியாண வீடுகளில், எத்தனை பிறந்தநாள் விழாக்களில் திரும்பத் திரும்பச் சொன்னேன். நீங்களும் முதல்முறை கேட்பதுபோலச் சிரித்தீர்கள். அவர் முன்னிலையிலும் சொன்னேன். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன், கணிதம் படிப்பித்தவனுக்கு அந்தளவுதான் மூளை.

கார் ஓடத் தொடங்கிய கோடையில் என்னை ஒருமுறை வற்புறுத்தி ஏற்றினார். துணைவியாரின் உயரத்துக்கு இறுக்கிய ஆசனம். எனது முழங்கால்கள் நாடிக்கு வந்தன.

"இதென்னடா, கோழிக் கூடோ?"

"அண்ணை, கார் சரி. உங்கடை கால்தான் பிழை."

தெரு முனைவரை போனதும் இறக்கிவிடச் சொல்லி வீட்டுக்கு நடந்து வந்தேன். எதிரே எங்கள் ஆட்கள் யாரும் வந்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை. பின்னர் என் மகனின் திருமணத்துக்கு மாப்பிள்ளையை அந்தக் காரில் அழைத்துவரலாமா என்று ஆசையோடு கேட்டார். "உதிலை மண்டபப் பக்கமே வந்திடாதை" என்றேன். வரவில்லை. யாரோ ஒருவருடைய வான் வண்டியின் பின்னிருக்கையில் இருந்து வந்தார். வந்து பந்தியில் பரிமாறினார்.

இவ்வாறு கார் கட்டியவர்களின் சங்கமொன்று இருக்கிறது. ஓய்வுபெற்ற பஸ் சாரதி, பல் வைத்தியர், தச்சர் எனப் பல நாட்டார். தலைவர் வோல்ற்றர் என்னும் வயோதிபர். கோடை தோறும் வரிசையாகப் புறப்பட்டு ஜோர்ஜியன் வளைகுடாப் பக்கம் சுற்றி வருவார்கள். அவர்களிடம் ஒரு முறை உண்டு. முன்னால் ஒருவர் வழிகாட்டிப் போவார். ஒரு திருப்பம் வந்ததும் அவருக்கு அடுத்ததாக வரும் கார் அங்கே ஒதுங்கி நிற்கும். பின்னால் வருபவர்களுக்கு அதன் சாரதி கையால் வழி காட்டுவார். மஞ்சள் கொடி கட்டிய கடைசிக் கார் கடந்த பின்னர்தான் அவர் புறப்படலாம். அடுத்த திருப்பத்தில் அடுத்தவர் நிற்பார். முன்னால் போகிறவர் மட்டும் எங்கும் நிற்பதில்லை.

ஒருமுறை கடைசிக் காருக்குச் சில்லுக் காற்றுப் போய்விட்டதாம். தம்பி ஒரு சந்தியில் கொட்டும் மழையில், கூரையில்லாத காருக்குப் பக்கத்தில், அது வரும்வரை நின்றார். காய்ச்சலோடு திரும்பி வந்து அதைப் பெருமையாகச் சொன்னார்.

"ஒரு போன் அடிச்சிட்டு வாறதுக்கு என்னடா?"

"அங்கை போன் வேலை செய்யாது, அண்ணை. செய்தாலும் நிக்கிறதுதான் முறை."

"நீ கணக்காளரோ, சந்தியிலை நிக்கிற பொலிஸ்காரனோ?"

"வாறவனுக்கு வழி தெரியாட்டில் என்ன செய்வான், அண்ணை?"

"நனைஞ்ச மடையன் ஒருத்தன் நிக்கிறான் எண்டு பாத்துச் சிரிச்சுக்கொண்டு போவான்" என்றேன். அவரது துணைவியார் தேநீர்க் கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார்.

சென்ற வருடம் அவரது வயிற்றில் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. வைத்தியசாலையில் சில வாரங்கள் இருந்துவிட்டு, வீட்டிலேயே முடியட்டும் என்று வந்துவிட்டார். கராஜுக்கு அடுத்த அறையில் கட்டில் போட்டார்கள். கடைசியாக நாங்கள் தனியே பேசிய பின்னேரம் நான் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணை, செத்தவீட்டுக்குச் சங்கத்துக்காரர் காருகளோடை வருவினம். மறிக்காதேங்கோ. எனக்குப் பின்னாலை வரட்டும்."

"ஓம், வரட்டும்."

"சும்மா ஓம் எண்டாதேங்கோ. நீங்கள்தான் முன்னுக்கு நிண்டு எல்லாம் நடத்துவியள். எனக்குத் தெரியும்."

"ஓமடா, வரட்டும் எண்டு சொல்லிப்போட்டனெல்லோ."

ஒரு சுளையை வாங்கி வாயில் வைத்துச் சாற்றை மட்டும் உறிஞ்சினார். வேறொன்றும் அவர் என்னிடம் கேட்கவில்லை. இந்த நாட்டுக்கு வந்த பிறகு எனக்காக ஏதாவது செய்து தாருங்கள் என்று அவர் கேட்டதே அந்த ஒன்றுதான்.

ஸ்காபரோவில் இறுதிக் கிரியைகள் நடந்த மண்டபத்துக்கு நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். அவர் சொன்னதுபோலவே நான் முன்னுக்கு நின்றேன். கிரியைகள் முடியும் நேரத்தில் மண்டப வாசலில் அந்தச் சிறிய கார்கள் வந்து வரிசையாக நின்றன. மஞ்சள், சிவப்பு, நீலம். ஒன்றின் பக்கத்தில் நெருப்புச் சுவாலை வரைந்திருந்தது. என் அருகே நின்ற பெரிய மனிதர் ஒருவர், கோயில் திருவிழாக்களில் பட்டுச் சால்வையோடு முன்வரிசையில் நிற்பவர், அதைப் பார்த்துவிட்டு மெல்லிய குரலில் கேட்டார்:

"என்ன மாஸ்ரர், செத்தவீடோ கண்காட்சியோ?"

அந்த ஒரு வசனம் போதுமாயிருந்தது. நான் வெளியே போய் வோல்ற்றரிடம், இது குடும்பத்தாருக்கு மட்டுமான ஊர்வலம், தயவுசெய்து பின்னால் வரவேண்டாம் என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றினார்.

"பின்னால் வரும்படி அவரே எங்களைக் கேட்டிருந்தாரே" என்றார்.

"கடைசி நாட்களில் அவருக்கு நினைவு தடுமாறிவிட்டது" என்றேன்.

இந்த வசனத்தை எழுதவே இந்தக் கட்டுரையை எழுதச் சம்மதித்தேன். உள்ளே கிடந்தவரால் மறுத்துப் பேச முடியாது என்ற துணிவில் அப்படிச் சொன்னேன். வோல்ற்றர், குடும்பத்தின் விருப்பப்படியே ஆகட்டும் என்று சொல்லிக் கூட்டாளிகளிடம் போனார். கார்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. என் பெறாமகள் வாசலுக்கு ஓடி வந்தாள்.

"பெரியப்பா, ஏன் அவை போகினம்?"

"வேலை இருக்குதாம், பிள்ளை."

தம்பியின் உடலை ஏற்றிய கார் தகனச்சாலைக்குப் புறப்பட்டது. அதற்கு அடுத்த காரில் நானும் பெறாமகளும் அவளது தாயாரும் இருந்தோம். பின்னால் மரணவீட்டுக் கொடி கட்டிய உங்களது கார்கள் வந்தன. முதலாவது திருப்பத்தில் அந்த மஞ்சள் கார் ஒதுங்கி நின்றது. அதன் பக்கத்தில் வோல்ற்றர், ஒரு கையால் தொப்பியை நெஞ்சோடு பிடித்தபடி, மறுகையை நீட்டி வழி காட்டினார். அடுத்த திருப்பத்தில் சிவப்புக் கார். அதற்கடுத்ததில் சுவாலை வரைந்த கார். அந்தச் சாரதி அழுதுகொண்டிருந்தார். தகனச்சாலை வாசல்வரை ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருவர் நின்றார். எந்த வழியாகப் போவோம் என்று மண்டபத்து ஊழியரிடம் கேட்டறிந்து முன்னரே போய் நின்றிருக்கிறார்கள். என் சொல்லையும் அவர்கள் மீறவில்லை. பின்னால் வரவேண்டாம் என்று மட்டுமே நான் சொல்லியிருந்தேன்.

முன்னால் போகிறவர் எங்கும் நிற்பதில்லை. அன்று முன்னால் போனவர் என் தம்பி.

"வேலை எண்டு சொன்னியள்" என்றாள் பெறாமகள். முன்பு தேநீரை வைத்துவிட்டுப் பேசாமல் உள்ளே போன அவளது தாயார் இம்முறை பேசினார்: "அத்தான், அவர் கடைசிவரைக்கும் நல்ல நினைவோடைதான் இருந்தவர்." வாசலில் நான் பேசியது அவருக்குக் கேட்டிருக்கிறது.

கண்காட்சியா என்று கேட்ட பெரிய மனிதர் சமிக்ஞை விளக்கில் பிந்தி, வரிசையிலிருந்து பிரிந்து போனார். அவருடைய காரிலிருந்த கொடியைக் கண்டு, அது கடக்கும்வரை நின்று வழி காட்டியவர் சங்கத்தின் பஸ் சாரதி; அவர் பெறாமகளிடம் சொல்லித்தான் எனக்குத் தெரிய வந்தது. பெரிய மனிதர் இதை இன்றுவரை யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல மாட்டார். நாங்கள் ஒரே இனம், அவரும் நானும்.

எனது தம்பியை நோய்க்காலத்தில் கவனித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், வீட்டுக்குச் சாப்பாடு சமைத்து அனுப்பியவர்களுக்கும், கிரியைகளை நடத்தித் தந்த குருக்களுக்கும், தொலைவிலிருந்து வந்தவர்களுக்கும் குடும்பத்தாரின் நன்றி உரியது. சங்கத்தாருக்கு நன்றி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அவர்களுக்கு நான் ஒரு திருத்தத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது: என் தம்பியின் நினைவு தடுமாறவில்லை. அவர் தெளிவாகக் கேட்டார். நான் ஓம் என்றேன். பிறகு, ஊரவரே, உங்கள் முகங்களுக்குப் பயந்து பொய் சொன்னேன். அவர்களால் தமிழ் வாசிக்க முடியாது. ஆகவே இந்த முப்பத்தோராம் நாள் மதிய போசனத்துக்கு முன்னர் பெறாமகள் இதை ஆங்கிலத்தில் வாசிப்பாள். நான் அவள் அருகில் எழுந்து நிற்பேன்.

மண்டபத்தின் முன்வாசல் இன்று அவர்களது கார்களுக்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது. உங்களுடையவற்றைப் பின்பக்கம் விடச் சொன்னதற்குக் காரணம் இதுதான். பெறாமகளுக்குத் தகப்பனின் உயரம். அவருடைய ஓட்டுநர் ஆசனத்தில் அவள் ஏறி இருந்தபோது குதிக்கால் சோக்குக் கோட்டிலேயே விழுந்தது. தகப்பனின் காரை இன்று அவள் ஓட்டி வருவாள். பக்கத்து ஆசனத்தில் முழங்கால் நாடியில் இடிக்க இருந்து வரும் கிழவனைப் பார்த்துச் சிரிக்க விரும்புகிறவர்கள் தாராளமாகச் சிரியுங்கள்.

கார் சரி. கால்தான் பிழை.

— தமையன்