சோப்பு போட்ட டேங்க்

எங்கள் தெரு டேங்க்காரருக்கு இடது புருவம் கிடையாது. வலது புருவம் மட்டும் இரண்டு பேருக்குப் பங்கு போடலாம் என்கிற அளவுக்கு அடர்த்தியாக இருக்கும். புதிதாக வருகிறவர்கள், மனுஷன் நம்மை ஏதோ சந்தேகமாகப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் யாரையும் சந்தேகப்பட்டதில்லை. பட்டிருந்தால் முதலில் என்னைத்தான் பட்டிருக்க வேண்டும்.

பழைய கார்களின் பெட்ரோல் டேங்கைக் கழற்றி ஓட்டை அடைப்பது அவர் தொழில். அதே தகரக் கொட்டகையின் மறுபாதியில் கார் சீட்டுக்கு உறை தைப்பது என் தொழில். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அந்தப் பலகையில், என் தையல் மெஷினுக்கு நேராக, ஒரு கணு உதிர்ந்து கட்டைவிரல் நுழைகிற ஓட்டை ஒன்று இருந்தது. அதை நான் போடவில்லை. ஊர் ஓட்டையையெல்லாம் அடைக்கிறவர் அதை மட்டும் கவனிக்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. தெருவில் எனக்கு ரேடியோ என்று பெயர். ரேடியோவுக்கு நிகழ்ச்சி வேண்டாமா?

புருவம் போன கதை அவரே சொன்னது. இளவயதில் வேறொரு பட்டறையில் இருந்தபோது, முதலாளி அவசரப்படுத்தினாராம். காலி டேங்க்தானே, கழுவாமல் நெருப்பைக் காட்டு என்றாராம். டேங்க் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. புருவமும் கூடவே போனது. அன்றிலிருந்து மனுஷன் டேங்கைக் குழந்தையைக் குளிப்பாட்டுவது போல மூன்று தடவை வெந்நீரும் சலவைச் சோடாவும் ஊற்றிக் குலுக்கிக் கழுவுவார். இரண்டு நாள் வாயைத் திறந்து காற்றில் போடுவார். அப்புறம் தண்ணீரை நிரப்பி, ஓட்டை இருக்கும் பக்கத்தை மட்டும் மேலே வைத்து, சூடேற்றிய செம்புக் கட்டியால் ஈயத்தை உருக்கி இழுத்து அடைப்பார். நெருப்பு டேங்க் பக்கமே வராது. கடைசியில் காற்றடைத்துத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிறதா என்று மூச்சுவிடாமல் பார்ப்பார். நாலு நாள் ஆகும். மூன்று நாளில் கொடு என்றால் வேறு இடம் பாருங்கள் என்பார், கோபமே இல்லாமல்.

அவர் மனைவி கல்யாணமான ஒரே வருஷத்தில் பிறந்த வீட்டுக்குப் போனவர் திரும்பவில்லை. ஏன் என்று தெருவில் மூன்று கதைகள் உண்டு. இரண்டு நான் சொன்னவை. மூன்றாவது, நான் சொன்னதை யாரோ கூட்டிச் சொன்னது. அவர் எதையும் மறுக்கவில்லை. பேச்சே கம்மி. என்னை 'தம்பி' என்பார், 'நீ' என்பார். மத்தியானம் இரண்டு பேரும் என் பக்கத்தில் பெஞ்சைப் போட்டுச் சாப்பிடுவோம். நான் பேசுவேன், அவர் மெல்லுவார்.

இப்படியிருக்கையில்தான் கணக்கு டீச்சர் வந்தார்.

டீச்சருக்குக் கல்யாணம் ஆகவில்லை. நடக்க முடியாத அக்காவோடு இருக்கிறார். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தம் சுத்தம் செய்து கொண்டுவர வேண்டும். அக்கா சாய்ந்து உட்காருவதற்கென்று காரின் பின்சீட்டை வெட்டி மெத்தை வைத்துக் கொடுத்தது நான்தான். கார் பழசு. டேங்க்கின் பக்கவாட்டில் தகரம் சேர்கிற தையலில், டேங்க்கைத் தாங்கும் பட்டை பிடிக்கிற இடத்தில் துரு தின்று பெட்ரோல் கசிந்தது.

டேங்க்காரர் நாலு நாள் கேட்டார். டீச்சரால் கொடுக்க முடியவில்லை. வேறு வண்டியில் அக்காவை மடக்கி உட்கார வைக்க முடியாது. கூட வேலை பார்க்கும் ஒருவரிடம் அகலமான வண்டி இருக்கிறது, அவர் வெளியூரிலிருந்து வரப் பத்து நாளுக்கு மேல் ஆகும் என்றார். டேங்க்காரர் யோசித்து, துணி துவைக்கிற கட்டி சோப்பை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் போனார். ஓட்டையில் சோப்பை அழுத்தித் தேய்த்தால் பெட்ரோலுக்கு அது கரையாது, கொஞ்ச நாள் தாங்கும். ஆனால் பாதி டேங்க்குக்கு மேல் நிரப்பக் கூடாது, வெயிலில் நிறுத்தக் கூடாது, இரண்டு நாளுக்கு ஒரு தடவை வந்து புதுச் சோப்பு போட்டுக்கொள்ள வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். இதைத் தெருவில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். நாலு நாள் இல்லாமல் டேங்க்கைத் தொடமாட்டேன் என்று பேர் வாங்கியவர் சோப்பு தேய்த்து அனுப்புகிறார் என்றால் நாளைக்கு எல்லோரும் சோப்பு கேட்பார்கள்.

டீச்சர் சொல்லமாட்டேன் என்றார். என்னை யாரும் கேட்கவில்லை.

இரண்டு நாளுக்கு ஒரு தடவை, ஆஸ்பத்திரி முடிந்து அக்காவை வீட்டில் விட்டுவிட்டு டீச்சர் வருவார். இவர் காருக்கு அடியில் மல்லாந்து கிடப்பார். டீச்சர் பக்கத்தில் நின்று பேசுவார். நான் மெஷினை ஓட்டாமல் மிதியில் காலை மட்டும் வைத்திருப்பேன். ஒரு நாள் டீச்சர் சொன்னார், பள்ளிக்கூடத்தில் தொட்டி நிரம்புகிற கணக்குக் கொடுத்துக் கொடுத்தே தலை நரைத்துவிட்டது, ஒழுகுகிற தொட்டியை இப்போதுதான் நேரில் பார்க்கிறேன் என்று. இவர் கீழேயிருந்து, ஒரு பக்கம் நிரம்பி ஒரு பக்கம் ஒழுகினால் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று கேட்டார். பேப்பரை வெறுமனே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்றார் டீச்சர். டேங்க்காரர் சிரித்தார். பதினாறு வருஷத்தில் அந்தச் சிரிப்பை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஒரு நட்டு கழன்று தகரத்தில் உருண்டது போல இருந்தது.

அதை அப்படியே விட்டிருக்கலாம். மறுநாள் காலை டீக்கடையில் கிளாஸ் கைக்கு வந்ததும் வாய் தானாகத் திறந்தது.

"நம்ம டேங்க்காரரு கணக்கு டீச்சருக்கு சோப்பு போட்டுக்கிட்டு இருக்காருப்பா. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை."

டீக்கடையே குலுங்கியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இப்படியொரு சொல் கையில் வந்து விழுவதற்கு எத்தனை வருஷம் காத்திருக்க வேண்டும். பொய்யும் இல்லை, அதுதான் அதில் விசேஷம். சாயங்காலத்துக்குள் பெயிண்ட் கடை, ரேடியேட்டர் கடை, டயர் கடை எல்லாவற்றுக்கும் போய்விட்டது. அடுத்த நாள் வெள்ளிக்கிழமை டீச்சரின் கார் தெருமுனையில் திரும்பும்போது டயர்க்கடைக்காரன் ஜன்னல் பக்கம் குனிந்து, என்ன டீச்சர், சோப்பு போட வந்தீங்களா என்று கேட்டான். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். டீச்சர் அவனை ஒரு நிமிஷம் பார்த்தார், பிறகு வண்டியைப் பின்னால் எடுத்துத் திருப்பிக்கொண்டு போனார். நான் வாசலில் நின்று பார்த்தேன். கையில் வைத்திருந்த கத்தரியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை டீச்சர் வரவில்லை. டேங்க்காரர் அன்று முகம் கழுவியிருந்தார். சோப்பை நனைத்துத் தயாராக வைத்திருந்தார். இருட்டும்வரை பார்த்துவிட்டு, அதைத் தாளில் சுற்றி வைத்தார். புதன்கிழமையும் வரவில்லை. சாப்பிடும்போது என்னிடம் கேட்டார்.

"தம்பி, உனக்குத் தெரியாம இந்தத் தெருவுல ஒண்ணும் நடக்காது. டீச்சர் ஏன் வரல?"

ஊருக்குப் போயிருப்பார்கள் என்றேன்.

"அக்காவ வச்சுக்கிட்டு எந்த ஊருக்குப் போவாங்க? சோப்பு காஞ்சு உதிர்ந்துருக்கும். ஒரு பொறி போதும். அந்தம்மா இறங்கிக்கூட ஓட முடியாது." கொஞ்ச நேரம் கழித்து, "மெத்தை நீதான வச்ச, வீடு தெரியுமா உனக்கு?" என்றார்.

மெத்தையை நானே சுமந்துகொண்டு போய் அந்த வீட்டு வாசலில் பொருத்திக் கொடுத்தேன். தெரியாது அண்ணே என்றேன். தெரியும் என்றால் அவர் உடனே கிளம்பியிருப்பார். அங்கே போனால் டீச்சர் சொல்லிவிடுவார், இவர் தெரிந்துகொள்வார். அந்தப் பயத்தில், அக்காவின் உயிர் ஆபத்தில் இருந்ததை நான் சோற்றோடு பிசைந்து விழுங்கினேன்.

வியாழக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, ஒரு கட்டி சோப்பு வாங்கிக்கொண்டு நான் போனேன். டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் தேய்த்துவிட்டு ஓடிவந்துவிடலாம் என்பது என் திட்டம். கேட்டிலேயே பெட்ரோல் வாசம். கார் நின்ற இடம் சரியாக அக்கா படுத்திருக்கும் அறை ஜன்னலுக்குக் கீழே. காருக்கு அடியில் ஒரு கிண்ணம், அதில் ஒரு கரண்டி அளவு பெட்ரோல். டேங்க்கில் வெளிர்ப் பச்சையாக என்னவோ அப்பியிருந்தது. முகர்ந்தால் எலுமிச்சை வாசம். குளிக்கிற சோப்பு. பாவம், டீச்சரே தேய்த்துப் பார்த்திருக்கிறார்.

என் தொந்தி காருக்கு அடியில் போகிற தொந்தி இல்லை. பாதி நுழைந்து, ஜாக்கி வைக்கும் கம்பியில் சட்டை மாட்டிக்கொண்டபோது கேட் திறந்தது. இரண்டு செருப்புக் கால்கள் வந்து நின்றன.

"யாருங்க கீழ?"

"நான்தான் டீச்சர். சீட்டு தைக்கிறவன்."

"அவர் அனுப்பினாரா?"

இல்லை என்றேன். கால்கள் நகரவில்லை.

"எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும் அந்த சோப்பு விஷயம். யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னு அவரேதான் சொன்னாரு. கடைசில அவரே தெருவுல சொல்லிச் சிரிச்சிருக்காரு. நான் அவர அப்படி நினைக்கல."

என் சொல் எங்கே போய்க் குத்தியிருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. டயர்க்கடைக்காரனின் கேலியில் டீச்சர் கோபித்துக்கொண்டார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். டீச்சர் மனதில் டேங்க்காரர் வேறு ஆளாகிவிட்டார். சும்மா இருந்திருந்தால் அது அப்படியே போயிருக்கும். என் பெயர் எங்கேயும் வராது. ஒரு சொட்டுப் பெட்ரோல் என் கன்னத்தில் விழுந்து ஜில்லென்று பரவி, பிறகு எரிந்தது.

"அவரு சொல்லல டீச்சர். நான்தான் சொன்னேன். எங்க ரெண்டு கடைக்கும் நடுவுல பலகையில ஒரு ஓட்டை இருக்கு."

மேலே ஜன்னலில் அக்கா இருமுவது கேட்டது.

"வெளிய வாங்க," என்றார் டீச்சர்.

வர முடியவில்லை. சட்டையைக் கிழித்துக்கொண்டுதான் வந்தேன். டீச்சர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. அகலமான வண்டி வந்துவிட்டது, நாளைக்கு அக்காவை அதில் கூட்டிப்போகிறேன், இந்த வண்டியைக் கொண்டுவந்து பட்டறையில் விடுகிறேன் என்றார். அதற்குள் நான் டேங்க்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும், தான் சொல்லப்போவதில்லை என்றார். தப்பாகக் கணக்குப் போட்ட பிள்ளையிடம் மறுபடி எழுதிக்கொண்டு வா என்பது போல.

மறுநாள் காலை டேங்க்காரர் அரம் தேய்த்துக்கொண்டிருந்தார். நேரில் போய்ச் சொல்லக் கால் வரவில்லை. மெஷினில் உட்கார்ந்தபடியே கணு ஓட்டையில் வாயை வைத்து 'அண்ணே' என்றேன். அரம் நின்றது. டீக்கடையிலிருந்து கிண்ணம் வரைக்கும் எல்லாவற்றையும் அந்த ஓட்டை வழியாகவே சொன்னேன். ஓட்டையில் புருவம் இல்லாத கண் வந்து பார்த்தது.

"ஒழுகுதா இன்னும்?"

"ஒழுகுதுண்ணே."

"அக்காவ அதுலயா கூட்டிட்டுப் போனாங்க?"

"ரெண்டு தடவை."

கண் போய்விட்டது. பிறகு அவர் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தார். தாளில் சுற்றி வைத்திருந்த மிச்ச சோப்பை என் மெஷின் மேல் வைத்தார்.

"இது உங்களுக்குத்தான் வேணும். வச்சுக்குங்க," என்றார்.

உங்களுக்கு. வச்சுக்குங்க. பதினாறு வருஷமாக 'நீ' என்று கூப்பிட்டவர். அன்றைக்கு எனக்கு மரியாதை வந்தது. இப்படியொரு மரியாதை என் எதிரிக்கும் வரக் கூடாது. 'தம்பி'யும் அன்றோடு நின்றது. மத்தியானம் அவர் தன் பக்கத்திலேயே சாப்பிட்டார். மெல்லுகிற சத்தம் மட்டும் ஓட்டை வழியாக வந்தது.

கார் வந்தது. டீச்சர் சாவியைக் கொடுத்தார், இவர் வாங்கிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வாருங்கள் என்றார் இவர், சரி என்றார் அவர். இரண்டு பேரும் வார்த்தையை எண்ணி எண்ணி எடுத்தார்கள், எங்கே யார் காதில் விழுமோ என்று. நாலு நாளும் அவர் அந்த டேங்க்கைக் கழுவியதைப் போல எதையும் கழுவியதில்லை. துரு தின்ற தகரத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகரம் வைத்து, பட்டைக்கு அடியில் ரப்பர் கொடுத்து, இரண்டு பூச்சு கறுப்புப் பெயிண்ட் அடித்தார். தொட்டியில் அமுக்கினால் ஒரு குமிழி இல்லை. இனி பத்து வருஷத்துக்கு அதில் ஒரு சொட்டுக் கசியாது. அதாவது, டீச்சர் வருவதற்குப் பத்து வருஷத்துக்கு ஒரு காரணமும் இல்லை.

டீக்கடையில் போய் அது நான் கட்டிவிட்ட பேச்சு, அவர்மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொன்னேன். அதற்கும் சிரித்தார்கள். நான் உண்மை பேசிய ஒரே நாளில் அதையும் நகைச்சுவைக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். திரும்பி வந்து அந்த மிச்ச சோப்பை நனைத்து, கணு ஓட்டையில் அழுத்தி அழுத்தித் தேய்த்து அடைத்தேன்.

ஒன்றரை மாதம் கழித்து டீச்சர் என் கடைக்கு வந்தார். அக்காவின் மெத்தையில் தையல் பிரிந்திருந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு நப்பாசை. பஞ்சுத் தூசி பறக்கும், நீங்கள் வேண்டுமானால் பக்கத்துக் கடையில் உட்காருங்களேன் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"மறுபடியும் ஆரம்பிக்காதீங்க," என்றார் டீச்சர்.

வாயை மூடிக்கொண்டு மெத்தையை மெஷினுக்குக் கீழே தள்ளினேன். அந்தப் பக்கம் அரம் ஓடிக்கொண்டிருந்தது, டீச்சரின் குரல் கேட்டதும் நின்றது. என் காலும் மிதியில் நின்றுவிட்டது. கணு ஓட்டையில் சோப்பு எப்போதோ காய்ந்து உதிர்ந்திருந்தது. டீச்சர் அதைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, பலகையைப் பார்த்தே சொன்னார்.

"டேங்க் நல்லா இருக்குங்க."

"சரிங்க டீச்சர்," என்றது பலகை. கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா எப்படி இருக்காங்க?" என்றது.

டீச்சர் பதில் சொல்ல வாயெடுத்தார். நான் குனிந்து, பிரிந்த தையலில் நூலைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அந்தப் பக்கமிருந்து இன்னொரு சொல் வந்தது, எனக்கு.

"தம்பி, மெஷின ஓட்டுங்க."

ஓட்டினேன். எவ்வளவு சத்தமாக ஓட்ட முடியுமோ அவ்வளவு சத்தமாக. அவர்கள் பேசியது ஒரு வார்த்தைகூட எனக்குக் கேட்கவில்லை. 'தம்பி' திரும்பி வந்துவிட்டது. 'ங்க' இன்னும் போகவில்லை.