நெய் உருண்டை டப்பாவுக்கு முகம் தேடிப் போன ஞாயிற்றுக்கிழமை

என் மீசையில் என்ன குறை? அதை முதலில் சொல். ஊதுபத்திப் பெட்டியில் மீசை இருக்கிறது. மிளகாய்த்தூள் பொட்டலத்தில் மீசை இருக்கிறது. மூட்டுவலித் தைலத்தில் இரண்டு பக்கமும் ஏறி நிற்கும் மீசை இருக்கிறது. அதையெல்லாம் காசு கொடுத்து வாங்கி வருகிறாய். நெய் உருண்டை டப்பாவில் மீசை இருந்தால் மட்டும் உருண்டை ஊசிப்போகுமா?

பதில் வராது. பதில் சொல்ல வேண்டியவர் கோயிலுக்குப் போயிருக்கிறார். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். பொங்கலுக்குப் போடும் டப்பாவிலாவது என் படம் வரட்டுமே என்று கேட்டதற்கு, "அந்தப் பேச்ச விடுங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

புதிதாக வந்தவர்களுக்கு: நான் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவன். மாக் மண்டின் பக்கம் ஃபிளாட்டில் வீடு. ஆறாம் வகுப்பு வரை படிப்பு. என் எழுத்துப் பிழைகளை மகள் திருத்தி இந்தப் பக்கத்தில் ஏற்றுகிறாள். திருத்தும்போது நல்ல திட்டுகளையும் எடுத்துவிடுகிறாள். உப்புச்சப்பு குறைந்தால் அவளைக் கேளுங்கள்.

பயணத்துக்கு வருகிறேன். கோயிலுக்குப் போயிருப்பவர் பாக்கியம், என் மனைவி. தீபாவளி நெருங்கினால் அவர் பிடிக்கும் நெய் உருண்டைக்கு எங்கள் ஃபிளாட்டில் மாடிக்கு மாடி ஆள் வரும். இந்த வருஷம், கடலுக்கு அக்கரையில் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், குவீன் தெருவில் பரிசுப் பொருள் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாள் தின்று பார்த்தார். "முப்பது டப்பா கொண்டாங்க அக்கா, முன் தட்டுலயே வைக்கிறேன். ஆனா லேபிள் இல்லாம மொட்ட டப்பாவா வந்தா வைக்க முடியாது லா. வர்ற வெள்ளிக்கெழம வரைக்கும்தான் அந்த எடத்த புடிச்சு வைப்பேன். பிஸ்கட்காரர் ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு" என்றார்.

பாக்கியம் வெளியே ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் டப்பாக்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும் நாளுக்கென்று ஒரு புடவைக்கு அன்றைக்கே இஸ்திரி போட்டுக் கதவில் தொங்கவிட்டார். அதை நான் பார்த்துவிட்டேன்.

லேபிள் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். திட்டம் எளிது: நடுவில் என் படம், சுற்றிலும் தங்க வளையம், கீழே தாமரை.

"நெய்ச்சூட்டுல கை வேகறது எனக்கு. டப்பாவுல சிரிக்கறது நீங்களா?" என்றார் பாக்கியம்.

"யாவாரத்துக்கு ஒரு முகம் வேணும்ல?"

"வேணும். அதுக்கு எதுக்கு இந்த முகம்? புள்ளைங்க பயந்துக்கும்."

ஜார்ஜ்டவுனுக்கே போய் ஆதாரத்தோடு வருகிறேன் என்று சவால் விட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுத்துப் பட்டவொர்த் ஃபெரித் துறையில் நிறுத்தினேன். நடந்து ஏறுகிறவருக்கு இரண்டு வெள்ளி, அதாவது இரண்டு ரிங்கிட். சில்லறையை நீட்டாதீர்கள், கார்டைத் தட்டினால்தான் கதவு திறக்கும். எனக்கு முன்னால் ஒருவர் கை நிறையச் சில்லறையோடு கதவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். கால் மணி நேரத்தில் அக்கரை. மேல்தளத்தில் இடது பக்கம் நின்றால் பாலம் தெரியும், காற்றும் வரும்.

துறையிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போகலாம். இலவச பஸ்ஸும் உண்டு. நான் நடந்தேன். என் சீனி வியாதி கட்டுக்குள் இருப்பதே நடையால்தான். கிளினிக்கில் நர்ஸே ஆச்சரியப்படுகிறார். தினமும் சாயங்காலம் இரண்டு நெய் உருண்டை தின்றும் சீனி ஏறாத உடம்பு இது என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். பசியாற இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரேக், ஆறு வெள்ளி சொச்சம். தேநீரில் மட்டும் சீனி குறைக்கச் சொன்னேன். உருண்டைக்கு இடம் வேண்டுமே.

மார்க்கெட் தெருவில் ஒரு பலசரக்குக் கடைக்குள் நுழைந்து ஆதாரங்களைக் கைப்பேசியில் பிடிக்கத் தொடங்கினேன். நல்லெண்ணெய்த் தாத்தா, பெருங்காயத் தாத்தா, சாம்பிராணித் தாத்தா. கல்லாவில் இருந்த தம்பி கொஞ்ச நேரம் பார்த்தான்.

"என்ன அங்கிள், ஒவ்வொரு மூஞ்சியா போட்டோ புடிக்கிறீங்க?"

"பொண்ணு பாக்க வந்தேன் தம்பி."

"எல்லாம் மீச வெச்ச பொண்ணா இருக்கே!"

அவன் சிரித்ததில் எனக்கும் சிரிப்பு. ஆனால் வெளியே வந்து படங்களைத் தள்ளிப் பார்த்தபோது ஒரு சந்தேகம் தட்டியது. பெயரைக் கட்டைவிரலால் மறைத்தால் பெருங்காயம் எது, சாம்பிராணி எது என்று எனக்கே தெரியவில்லை. எல்லா மீசையும் ஒரே மீசை. சந்தேகத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஆர்மேனியன் தெருப் பக்கம் நடந்தேன்.

அந்த வட்டாரத்தில் சுவர்ப் படங்களுக்கு முன்னால் வெயிலிலும் வரிசை நிற்கும். அதை விடுங்கள். சந்துகளில் இரும்புக் கம்பியை வளைத்துச் சுவரில் அறைந்த கேலிப் படங்கள் இருக்கின்றன, அவற்றைப் பாருங்கள். ஒன்றின் எதிரில், சைக்கிள் ரிக்‌ஷா மாதிரித் திரிஷா ஓட்டும் ஒரு சீனர் நிழலுக்கு ஒதுங்கியிருந்தார். பேச்சு மலாயில்தான், தமிழில் தருகிறேன். "ஏறுறியா மீசை? ஒரு மணி நேரம் நாப்பது வெள்ளி" என்றார்.

"நீ ஏறு, நான் மிதிக்கிறேன். எனக்கு இருபது குடு போதும்."

"நீ மிதிச்சு நான் ஏறவா? ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிதான்." சிரித்துவிட்டுச் சுவரைக் காட்டினார். "அந்தப் படத்துல கண்ணு எங்க இருக்கு சொல்லு பாப்போம்."

பார்த்தேன். ஒரு ஆள் சட்டியில் எதையோ வறுக்கிறான். கம்பி அவன் தொப்பையில் தொடங்கி, முதுகேறி, தொப்பி சுற்றி, கை வழியாக இறங்கிச் சட்டியில் முடிகிறது. கண் இல்லை, மூக்கு இல்லை. ஆனால் அவனுக்கு வேர்க்கிறது, அவசரம், வரிசையில் ஆள் நிற்கிறது, எல்லாம் தெரிகிறது. மூஞ்சியே இல்லாமல் ஒரு ஆளைக் காட்டியிருக்கிறார்கள். என் திட்டத்துக்கு இது நல்லதல்ல.

அதற்குப் பிறகு கண் சும்மா இருக்கவில்லை. ஒரு காப்பிக் கடை வாசலில் விளம்பரத்தாள். வெள்ளைத் தாளில் கோப்பை வைத்து எடுத்தால் விழும் பழுப்பு வளையம், அவ்வளவுதான் படம். அதைப் பார்த்ததுமே எனக்குக் காப்பி வேண்டும் போலிருந்தது. உள்ளே போனேன். பதினாலு வெள்ளி என்றார்கள். "கோப்பையோட சேர்த்தா?" என்று கேட்டேன். இல்லையாம். வெளியே வந்து அந்த வளையத்தை இன்னும் கொஞ்ச நேரம் இலவசமாகப் பார்த்தேன்.

பதினோரு மணிக்குப் பழைய பஸ் கொட்டகை ஒன்றில் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வந்து சேர்ந்தேன். ஓவியர்கள், அச்சுப்போடுகிறவர்கள், பை தைப்பவர்கள் எல்லாம் மேசை போட்டிருப்பார்கள். நுழையக் கட்டணம் கிடையாது. ஒரு மேசையில் தமிழ் எழுத்துகளையே படமாக்கிய ஸ்டிக்கர்கள். 'ழ' வாலைச் சுருட்டித் தூங்கும் பூனையாகக் கிடந்தது. இத்தனை வருஷமாக அந்த எழுத்து என்னை வம்புக்கு இழுத்திருக்கிறது. அது தூங்கி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மேசைக்காரர் நஸ்ரீன். முப்பது வயதிருக்கும், நாசி கண்டார் சோற்றுக்கடைக் குடும்பத்துப் பெண். இருபது வெள்ளிக்கு ஆளைப் பார்த்து வரைவார். லேபிளுக்கு வரையச் சொல்லி உட்கார்ந்தேன்.

"அங்கிள், மீச பேப்பர விட்டு வெளிய போகுது. கொஞ்சம் அடக்குங்க லா."

"அத அடக்க ஒருத்தி நாப்பது வருஷமா பாடுபடறா. நீ இருபது வெள்ளிக்கு அடக்கப் பாக்கறியா?"

வரைந்து முடித்துத் தள்ளி வைத்துப் பார்த்தார். "படம் நல்லா வந்திருக்கு. ஆனா இதப் பார்த்தா எனக்கு நெய் உருண்டை ஞாபகம் வரல அங்கிள். பேங்க் வாசல்ல நிக்கற ஜாகா ஞாபகம்தான் வருது."

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிச் சிரித்தார்கள். நானும் வாட்ச்மேன் மாதிரி சல்யூட் அடித்து வைத்தேன்.

"உருண்டைய சொல்லுங்க. எப்படி இருக்கும்?"

"உருண்டையா இருக்கும்."

"அதான் பேர்லயே இருக்கே. கண்ண மூடிக்கிட்டு சொல்லுங்க."

மூடினேன். எலுமிச்சம்பழ அளவு. பாக்கியம் உருட்ட மாட்டாள், சுடச்சுட உள்ளங்கையில் அள்ளி ஒரே பிடி, அதனால் நாலு விரல் தடமும் இருக்கும். சூட்டோடு வைப்பதால் அடி கொஞ்சம் தட்டை. உச்சியில் கட்டைவிரலால் அழுத்திய ஒரு காய்ந்த திராட்சை. ஒவ்வொரு பிடிக்கும் உள்ளங்கையை ஊதிக்கொள்வாள். நெய் ஆறிவிட்டால் என்னைத் திட்டுவாள், அடுப்புப் பக்கம் நான் போகவே இல்லை என்றாலும். பேசிக்கொண்டே போனேன்.

கண்ணைத் திறந்தபோது நஸ்ரீன் மடியில் வைத்திருந்த டேப்லெட் திரையில் ஓர் உருண்டை இருந்தது. வெள்ளைப் பின்னணி, பொன் நிறம், மெத்தென்று நாலு விரல் தடம், உச்சியில் கறுப்பாக ஒரு திராட்சை. அதன் மேல் 'பாக்கியம்' என்று பெயர். எந்த எழுத்துக்கும் கூர்முனை இல்லை. 'க்'கின் வயிறும் 'ம்'மின் வளைவும் யாரோ சூட்டோடு பிடித்து வைத்த மாதிரி பிதுங்கியிருந்தன. மலாயிலும் ஆங்கிலத்திலும் கீழே ஒரு வரி. மீசை எங்கே என்று கேட்க மறந்துவிட்டேன்.

நாற்பது ஸ்டிக்கர் அச்சோடு சேர்த்துத் தொண்ணூறு வெள்ளி. இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். பேரம் பேசியதில் என் படத்தைச் சும்மா கொடுத்தார்.

ஆறு மணிக்கு வீடு. பாக்கியம் ஒரு ஸ்டிக்கரை எடுத்து விளக்கடியில் பிடித்தார். பெயரின் மேல் விரலை ஓட்டினார். "இது எழுத்தா, சுட்ட அப்பளமா? உப்பி உப்பி இருக்கு" என்றார். அவர் வாயில் இது பெரிய பாராட்டு. பிறகு விரல் உருண்டையின் உச்சிக்குப் போய் நின்றது.

"இந்தத் திராட்ச எங்கேர்ந்து வந்துச்சு?"

"உன் உருண்டையிலேர்ந்துதான்."

"நான் விக்கற உருண்டையில திராட்சையே கெடையாதே."

சிரித்தேன். தினமும் தின்கிறவனிடம் சொல்கிற பேச்சா இது? அவர் ஒரு டப்பாவைத் திறந்து, தாள் சுற்றிய உருண்டை ஒன்றைப் பிரித்தார். மொட்டைத் தலை. இன்னொன்று. அதுவும் மொட்டை. விற்கிற டப்பாவில் நான் கை வைத்தால் கரண்டி பறக்கும், அதனால் உள்ளே பார்த்ததே இல்லை.

"அப்ப நான் சாப்புடறது?"

"அது உங்க உருண்டை. சீனி பாதிதான். ஏலக்காயக் கூட்டி ஒப்பேத்தறேன். தட்டுல ரெண்டும் கலந்துடக் கூடாதுன்னு தலையில ஒரு திராட்ச. கிளினிக்குல சொன்னதிலேர்ந்து அப்படித்தான்."

"நான் நடந்ததாலதானே சீனி எறங்குச்சு?"

"நடந்தீங்க. கீழ காப்பிக் கடை வரைக்கும்."

மேசை மேல் நாற்பது ஸ்டிக்கர், நாற்பதிலும் திராட்சை. நஸ்ரீன் சந்தைக்கு வருவது அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான். கடை அம்மாள் தந்த கெடுவோ வெள்ளிக்கிழமை. படத்தில் ஒன்று, டப்பாவுக்குள் ஒன்று என்றால் அவர் முன் தட்டில் வைப்பாரா? கதவில் புடவை தொங்கிக்கொண்டிருந்தது. பாக்கியம் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அவர் ஸ்டிக்கரை மேசையில் வைத்தார். பக்கத்தில் ஒரு மொட்டை உருண்டை. டின்னிலிருந்து ஒரு திராட்சையை எடுத்து உச்சியில் அழுத்தினார். தலையைச் சாய்த்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பொட்டு வெச்ச மாதிரி இருக்கு" என்றார். "எழுந்துருங்க, திராட்ச பத்தாது. கடையில போய் வாங்கிட்டு வாங்க. நடந்தே போங்க."

வெள்ளிக்கிழமை முப்பது டப்பாவும் குவீன் தெருவுக்குப் போய், சொன்னபடி முன் தட்டில் ஏறின. இஸ்திரி போட்ட புடவையில் பாக்கியம் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போனார். "இங்கேர்ந்து பேரு தெரியுதான்னு பாக்கறேன்" என்றார். தெரிகிறது என்றேன். ஜவுளிக்கடை ஒலிபெருக்கிச் சத்தத்தில் காதில் விழவில்லை போலிருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

அவர் இப்போது கோயிலிலிருந்து வந்துவிட்டார். எதிரில் உட்கார்ந்து பூண்டு உரிக்கிறார். இதுவரை எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கடைசியில் வாசகர்களுக்கான யோசனைகளையும் படித்தேன்: ஞாயிற்றுக்கிழமை போங்கள், வெயிலுக்கு முன் போங்கள், தொப்பியும் கார்டும் மறக்காதீர்கள். கடைப் பலகையை எதிர்ப்பக்கம் நின்று பாருங்கள், கிட்டே நின்றால் தூசிதான் தெரியும். எதையாவது வரையச் சொல்லும் முன் அந்தப் பொருளைத் தின்னாமல் ஒரு முறை பாருங்கள்.

அங்கே வந்ததும் ஒரு சந்தேகம். "ஆமா, இப்ப எல்லா உருண்டையிலயும் திராட்ச இருக்கே. என்னோடத எப்படிக் கண்டுபுடிக்கிறே?"

பாக்கியம் எழுந்து போய், அலமாரியிலிருந்து என் சின்ன எவர்சில்வர் டப்பாவைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். மூடியில் ஏதோ ஒட்டியிருந்தது. நஸ்ரீன் வரைந்த என் படத்தைக் கத்தரித்திருக்கிறார். கண் இல்லை, மூக்கு இல்லை. மீசை மட்டும்.

"கேட்டீங்கல்ல? வெச்சாச்சு."

"அப்ப டப்பாவுக்கு மீச பொருந்துதுன்னு ஒத்துக்கறே! உக்காரு பாக்கியம், கடைசிப் பத்தி இன்னும் படிக்கல. அது உன்னப் பத்தித்தான், கேளு, 'என் மனைவியின் கையில்...'"

நிமிர்ந்தால், எதிரில் பாக்கியமும் இல்லை, பூண்டுத் தட்டும் இல்லை. அடுப்படியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது.