அன்று தடவிய எண்ணெய்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. நாலாவது வரைதான் படித்தேன். ஞாபகமும் முன்னைப்போல இல்லை. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீள வால் வைத்த ஒரு மஞ்சள் சீப்பு என்னிடம் இருக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், மூளை அலை பார்க்கும் அறையில் ஆயாவாக இருந்தேன். தொம்மலூரிலிருந்து பஸ்ஸில் போவேன். வருகிறவர்களின் முடியை அந்தச் சீப்பின் வாலால் வகிர்ந்து, ஸ்பிரிட் பஞ்சால் தோலைத் துடைப்பது என் வேலை. பிறகு அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த டாக்டரம்மா வெள்ளைப் பசை வைத்து ஒயர்களை ஒட்டுவார். எண்ணெய் இருந்தால் ஒயர் பிடிக்காது, அலை கலங்கலாக வரும். அதனால் முந்தின நாளே எல்லோருக்கும் போன் போட்டு, “ஷாம்பு போட்டுக் குளிச்சிட்டு வாங்க, எண்ணெ பேடா, எண்ணெ வேணாம்” என்று இரண்டு பாஷையிலும் சொல்வதும் நானே.

வந்தவர் காதில் மாட்டும் கருவியில் டக்டக்கென்று சத்தம் வரும். ஒரு நொடிக்கு நாற்பது தட்டு என்பார் டாக்டரம்மா. எனக்கு வண்டு சத்தம்போலத்தான் கேட்கும். ஆள் சும்மா உட்கார்ந்திருந்தாலும் மூளை அந்தத் தாளத்தோடு சேர்ந்து துடிக்குமாம். திரையில் அது சீரான அலையாக எழும். எப்படி என்று ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டேன். அவர் கன்னடக்காரர், தமிழை யோசித்து யோசித்துப் பேசுவார். “பஜனையில எல்லாரும் ஒண்ணா கை தட்றாங்க இல்ல ஆயம்மா? மூளைக்குள்ள கோடி பேர் தட்றாங்க. தட்டுன்னு சொல்ல ஒரு ரசாயனம், நிறுத்துன்னு சொல்ல ஒரு ரசாயனம். ரெண்டும் அளவா இருந்தா தாளம் சேரும். இல்லேன்னா ஆளாளுக்குத் தட்டுவாங்க.”

என் தம்பி எனக்குப் பதினைந்து வயது இளையவன். பீன்யா தொழிற்பேட்டையில் பிரஸ் மிஷின் ஓட்டியவன். யாரோ காதில் பேசுகிறார்கள் என்று வேலையை விட்டு, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வீட்டில் இருந்தான். அவனைப் போன்றவர்களைத்தான் டாக்டரம்மா ஆராய்ச்சிக்குத் தேடினார். “இது வைத்தியம் இல்ல ஆயம்மா” என்று இரண்டு தடவை சொன்னார். நானோ, அந்தத் தாளம் காதில் இறங்கினால் உள்ளே கலைந்தது சேர்ந்துவிடும் என்று மனசுக்குள் நம்பிக்கொண்டேன்.

அவன் முறை வந்த அன்று காலை, பறட்டைத் தலையோடு அவனைக் கூட்டிப் போனால் தெருவில் பைத்தியம் என்பார்களே என்று, கை தன்னால் எண்ணெய்க் கிண்ணத்துக்குப் போய்விட்டது.

“ஊருக்கெல்லாம் எண்ணெ வேணாம்னு போன் போட்டுட்டு, எனக்கு மட்டும் வழிய வழிய வெக்கிறியேக்கா” என்று சிரித்தான். அவன் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

“வாய மூடுடா, பஸ்ல நாலு பேர் பாப்பாங்க” என்றேன். பஸ் பாதி தூரம் போன பிறகுதான் அவன் சொன்னது எனக்கு உறைத்தது.

அறையில் பஞ்சு பஞ்சாக எடுத்துத் துடைத்தேன். ஸ்பிரிட் நெடியில் தேங்காயெண்ணெய் வாசனை அமுங்கிவிட்டது. டாக்டரம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. தம்பி பரீட்சைக்கு வந்தவன்போல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். அலை எழுகிறதுபோலக் காட்டிச் சிதறியது, மறுபடி சிதறியது.

“சிலருக்கு இப்படி வரும். ரசாயனம் ஏறுமாறா இருக்கலாம். ஒருத்தர் அலைய வெச்சு எதுவும் சொல்ல முடியாது” என்றார் டாக்டரம்மா, என் முகத்தைப் பார்க்காமல்.

நான் பசையைக் கழுவிவிடும்போது தம்பி கேட்டான்: “அக்கா, நான் சரியா கேட்டேனா?”

எண்ணெய் விஷயத்தை நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். ஆராய்ச்சி முடிந்து டாக்டரம்மா வெளிநாடு போய்விட்டார். பழைய சாமான்களோடு குப்பைக்குப் போக இருந்த சீப்பை நான் எடுத்துவந்தேன். சொல்லியிருந்தால் இன்னொரு தடவை பார்த்திருப்பார். பார்த்து என்ன ஆகியிருக்கும் என்றும் தோன்றுகிறது.

இப்போது அவனுக்கும் நரைத்துவிட்டது. மாத்திரையில் குரல்கள் அடங்கின. அவன் பேச்சும் கூடவே குறைந்துபோனது. தினமும் அந்தச் சீப்பால்தான் சீவிவிடுகிறேன். எண்ணெய் மட்டும் வைப்பதில்லை. சில நாள் கண்ணை மூடிக்கொண்டு, “அன்னிக்கு நான் சரியா கேட்டேனாக்கா?” என்கிறான். “நல்லா கேட்டடா” என்கிறேன்.

ரசாயனம், தாளம் என்று எழுதியதெல்லாம் என் காதில் விழுந்த அளவுதான். படித்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். மற்றது எப்படியிருந்தாலும் இது ஒன்றையாவது சொல்லுங்கள்: அந்த அலை சிதறியது அவன் மூளையாலா, என் எண்ணெயாலா?