பாவாயி வயலில் ஈயம்

மலைமேல் வாழவந்தி நாட்டில் பாவாயியின் நெல்வயல் இரண்டு மேடுகளுக்கு நடுவே, ஈரம் காயாத பள்ளத்தில் இருந்தது. யுத்தம் நடந்த வருஷங்களில் ஒரு வைகாசியில், வயலோரம் தண்ணீருக்குக் குழி தோண்டியபோது இடுப்பாழத்தில் மண் கறுத்தது. உலர்ந்த கட்டி ஒன்று அடுப்பில் விழுந்து, வீடெல்லாம் நாறும்படி புகைந்து எரிந்தது. பாவாயி மூக்கைப் பொத்திக்கொண்டு மிச்சத்தையும் வெளியே எறிந்தாள். எறிந்ததை அவள் புருஷன் சின்னுசாமி பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு, காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்கி, கண்டவரிடமெல்லாம் காட்டினான்.

ரயிலுக்கே கரி கிடைக்காத காலம். செய்தி சும்மா இருக்குமா? ஆனி பிறந்ததும் கனிமம் தேடும் அதிகாரி ஒருவர் மலையேறி வந்துவிட்டார். தமிழர்தான், தொப்பி போட்டிருந்ததால் ஊர் அவரைத் துரை என்றது. கட்டியை உடைத்தார், முகர்ந்தார்.

"இது நிலக்கரி இல்லைம்மா. புல்லும் இலையும் சேத்துல மக்கினது. இன்னும் பல லட்சம் வருஷம் அமுங்கிக் கிடந்தா கரியாகும்."

"அதுவரைக்கும் நான் நாத்து நடாம இருக்கோணுங்களா?"

துரை சிரிக்கவில்லை. இப்படிக் கறுத்த மண், சுற்றியுள்ள பாறையிலிருந்து தண்ணீரில் கரைந்து வரும் உலோகத்தையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். எரித்து, சாம்பலைச் சோதித்தால் என்ன இருக்கிறதென்று தெரிந்துவிடுமாம். பதில் வரும்வரை வயலில் யாரும் கால் வைக்கக் கூடாது என்று சொல்லி, நாலு பக்கமும் கயிறு கட்டச் செய்தார். காவலுக்குக் கீழ்நாட்டு அர்த்தனாரியை உட்கார வைத்தார்.

கயிற்றுக்கு வெளியே நாற்றங்காலில் நாற்று பச்சையாய் நின்றது. அது முற்றுவதற்குள் நட்டாக வேண்டும். பாவாயிக்கு வேறு எந்தக் கவலையும் இல்லை.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். மண்ணிலிருந்து புதிதாக எடுத்தது எதுவானாலும் பொட்டு வைத்துத்தான் ஊரைத் தாண்ட விடுவார்கள். சோதனைக்கு அனுப்ப வாசலில் காயவைத்த கட்டிகளை அர்த்தனாரி கோணியில் அள்ளுமுன், பாவாயி சேந்தமங்கலம் சந்தையில் வாங்கிய செந்தூரத்தை ஆமணக்கெண்ணெயில் குழைத்து ஒவ்வொன்றிலும் அப்பினாள்.

"ஏனுங்க்கா, கல்யாணப் பொண்ணுக்குக்கூட இத்தனை வெக்க மாட்டாங்களே!" என்றான் அர்த்தனாரி.

"ஒண்ணுமில்லைன்னு பதில் வரட்டும் சாமி. அதுக்குத்தான்."

கோணி மலைப்பாதையில் குலுங்கி இறங்கியது. கட்டிகள் பொடிந்தன. சிவப்பு யார் கண்ணிலும் படவில்லை.

ஆடியில் துரை மறுபடி வந்தார், முகமெல்லாம் பல்லாக. "சாம்பல்ல காரீயம் இருக்கும்மா! நல்லாவே இருக்கு. துப்பாக்கிக் குண்டுக்கு ஈயம் எவ்வளவு அவசரம் தெரியுமா?"

சின்னுசாமி துள்ளினான். "ஏ புள்ள, நம்ம வயல்ல சுரங்கம்!"

"சுரங்கத்தையா பொங்கித் திங்கறது?" என்றாள் அவள்.

மறுபடி மண் தோண்டினார்கள். இந்தத் தடவை துரை பக்கத்திலேயே குடை பிடித்து நின்று ஒவ்வொரு கட்டியையும் துணிப்பையில் போடச் சொன்னார். பை கட்டுமுன் பாவாயி கிண்ணத்தோடு வந்து, குனிந்து, சிவப்பை அப்பினாள்.

"என்ன அது?" துரையின் குரல் கிறீச்சிட்டது.

"பொட்டுங்க. போன தடவையும் வெச்சுத்தான் அனுப்பினேனுங்க."

துரை கிண்ணத்தை வாங்கி விரலில் தேய்த்துப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார். அது ஈயத்தை வறுத்துச் செய்த செந்தூரம், சாம்பலில் தெரிந்த ஈயமும் இதிலிருந்து வந்ததுதான் என்றார். இந்த மலைப்பாறையில் காரீயம் எங்கிருந்து வரும் என்று அவருக்கும் முதலிலிருந்தே உறுத்தல் இருந்திருக்கிறது. பதில் பிடித்துப்போனதால் கேட்காமல் விட்டிருந்தார்.

பாவாயிக்கு உயிர் வந்தது. "அப்போ ஈயம் இல்லீங்க. கயித்த அவுத்துருங்க சாமி, நாளைக்கே நட்டுடறேன்."

"முடியாதும்மா. ஈயம் இருக்குன்னு மேலே எழுதியாச்சு. சுத்தமான மண்ணு போகணும், சோதிக்கணும், இல்லைன்னு அவங்க சொல்லணும்."

"இல்லாத ஈயத்துக்குக் காவலுங்களா?"

"சொல்ற வரைக்கும் இருக்கிற ஈயம்தான்."

அவள் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். அர்த்தனாரி குறுக்கே விழுந்தான். "அக்கா, என் வேலை போயிருங்க்கா. ஊட்ல சின்னதுங்க இருக்குதுங்க." பாவாயி கயிற்றை விட்டாள். துரை கீழே வைத்திருந்த கிண்ணத்தைத் தூக்கிப் பாறையில் அடித்தாள்.

பிறகு தினமும் நாற்றங்காலுக்குப் போய் ஒரு நாற்றைப் பிடுங்கி, அடித்தண்டை நகத்தால் கீறிப் பார்ப்பாள். ஒரு நாள் தண்டில் கணு தட்டியது. கணு விட்ட நாற்று நட்டாலும் பக்கத்தில் கிளைத்துத் தூர் கட்டாது.

ஈயம் இல்லை என்ற பதில் புரட்டாசி கடைசியில் வந்தது. துரை வரவில்லை, ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். அர்த்தனாரி கயிற்றைச் சுருட்டிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போனான். பாவாயி முற்றின நாற்றை நெருக்கி நெருக்கி நட்டாள். வேறென்ன செய்வது? தையில் அறுத்தபோது தாளும் பதருமாய் வந்தது. மாட்டுக்காவது ஆச்சு என்று சின்னுசாமி ஆரம்பித்தான்; அவள் பார்த்த பார்வையில் அரிவாளைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரப்புக்குப் போய்விட்டான்.

அந்த வாரமே அவள் ஒற்றை ஆளாய்க் கல் சுமந்து அந்தக் குழியைத் தூர்த்தாள். "தண்ணி ஊறுற குழியாச்சே புள்ள" என்று சின்னுசாமி கெஞ்சிப் பார்த்தான்.

"இன்னொருத்தன் வந்து எட்டிப் பாக்கறதுக்கா?" என்று அடுத்த கல்லைப் போட்டாள். தண்ணீருக்குப் பழையபடி ஓடைக்கே இறங்கி ஏறினாள்.