மூன்று செய்திகளிலும் இல்லாத முத்தையா

போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை மலையகத்து டயகமவுக்குப் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல. அதற்கு நான்கு நாள் முன்பு கைப்பேசியில் வந்த ஒரு படம்தான் காரணம். ஒரு தேயிலைத் தோட்டத்து கேட், அதன் முன் கூட்டம், நடுவில் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை ஓங்கியபடி ஒரு பெண். பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. பார்வதி அக்கா. இரண்டு வருடத்துக்கு முன் மண்சரிவில் பஸ் நின்றுபோய், போக வழியில்லாமல் இருந்த என்னை, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் உள்ள தன் வீட்டில் இரண்டு நாள் தங்கவைத்துச் சோறு போட்டவர்.

ஒரே படத்துக்கு மூன்று செய்திகள். சிங்களப் பத்திரிகை ஒன்று, தோட்டத் தொழிலாளர் கலவரம் செய்து காவலாளியைத் தாக்கினார்கள் என்றது. தமிழ் இணையதளம் ஒன்று, பொங்கி எழுந்த மலையகப் பெண் என்றும், பொலிஸ் அடியில் பலருக்குக் காயம் என்றும் எழுதியது. வீடியோ சேனல் ஒன்றோ, வெளியாட்கள் தூண்டிவிட்டார்கள் என்றது. கீழே கருத்துப் பகுதியில், இவர்களை இந்தியாவுக்கே அனுப்பு என்று ஒருவர் எழுதியிருந்தார். அக்காவின் பாட்டனே இந்த மண்ணில்தான் பிறந்தவர்.

நான் இரண்டாவது செய்தியைப் பெருமையோடு பகிர்ந்தேன். "தலைவணங்குகிறேன் அக்கா" என்று ஒரு வரியும் சேர்த்தேன். பிறகுதான் அவரை அழைத்துப் பார்த்தேன். போன் அணைக்கப்பட்டிருந்தது. நான்கு நாளும் அப்படியே.

காலை 5.30க்குக் கொழும்பு புறக்கோட்டையில் ஹட்டன் பஸ் ஏறினேன். 130 கிலோமீட்டர், 520 ரூபாய். கினிகத்தேனையில் தேநீருக்கு நிறுத்தியதையும் சேர்த்து ஐந்து மணி நேரம். ஹட்டனில் 11 மணிக்கு டயகம பஸ் கிடைத்தது, 210 ரூபாய். தலவாக்கலை, அக்கரப்பத்தனை வழியாக இரண்டு மணி நேரம். என் பயணக் கட்டுரைகளில், இடது பக்க ஜன்னலோரம் நல்லது என்று வழக்கமாக எழுதுவேன். அன்று எந்தப் பக்கம் உட்கார்ந்தேன் என்பதே நினைவில்லை.

டயகமவிலிருந்து தோட்டத்துக்கு நான்கு கிலோமீட்டர். தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் ஆட்டோக்காரர் என் பையைப் பார்த்தார்.

"பேப்பர்ல இருந்து வாறீங்களா மிஸ்? அப்படின்னா நான் வரல."

தெரிந்தவர் வீட்டுக்குப் போகிறேன் என்றேன். பார்வதி அக்காவின் பெயரைச் சொன்ன பிறகே வண்டியைக் கிளப்பினார். 800 ரூபாய். உடைந்த கேட் வந்தபோது வேகத்தைக் குறைத்து, "இதுதான்" என்றார். கேட்டுக்கு அப்பால், மேட்டில், புதிதாக வெள்ளையடித்த, ஒரு காலத்தில் தோட்டத்துரை இருந்த பங்களா. இப்போது அது சுற்றுலா விடுதி.

லயத்து வாசலில் மூன்று வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன. உள்ளே சுவரில் முத்தையா அண்ணனின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாட்டி, பூமாலை போட்டிருந்தார்கள். பார்வதி அக்காவின் கணவர். அவர் இறந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும்.

அழுது முடித்த குரலில்தான் அக்கா நடந்ததைச் சொன்னார். அண்ணன் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்திருக்கிறார். மறுநாள் உடலை எடுத்துப் போனார்கள். தோட்டத்து மக்களின் சுடுகாட்டுக்கு வழி அந்த கேட் வழியாகத்தான். விடுதி வந்த பிறகு கேட்டைப் பூட்டுகிறார்கள். அன்று விருந்தினர் இருந்ததால் பாடை முன்பக்கமாக வரக்கூடாது, சுற்றிப் போங்கள் என்று விடுதி மேலிடத்திலிருந்து காவலாளி மூலம் சொல்லிவிட்டார்கள். சுற்றுவழி மழையில் சரிந்து கிடந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் மழையில் பாடையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

"பொம்பளைங்க சுடுகாட்டுப் பக்கம் போறதில்ல, தெரியும்ல தங்கச்சி. ஆம்பளைங்க வேல போயிருமேன்னு நின்னாங்க. அவங்கள சொல்லிக் குத்தமில்ல. பாடை நிக்குதுன்னு கேட்டு கேட்டுக்கு ஓடியாந்த நான், திரும்ப வீட்டுக்கு ஓடிப்போயி அவரோட கத்திய எடுத்துட்டு வந்தேன். கேட்டு பக்கத்து வேலிய வெட்டுனேன். அவரு நனைஞ்சுக்கிட்டு கெடக்காரேன்னுதான்."

அந்த நேரத்தில் விடுதியிலிருந்து யாரோ எடுத்ததுதான் அந்தப் படம். பாடை படத்துக்கு வெளியே நின்றுவிட்டது. பிறகு பின்னால் நின்றவர்கள் கேட்டைத் தள்ளியிருக்கிறார்கள். அது சரிந்து காவலாளி விழுந்தார், கை முறிந்தது. பொலிஸ் வந்து தடியால் அடித்ததும் உண்மைதான். இரண்டு பையன்களைப் பிடித்துப் போனார்கள். அக்கா மேல் கத்தியால் மிரட்டியதாக வழக்கு. யார் யாரோ கூப்பிட்டுத் திட்டவும் பாராட்டவும் செய்ததில் போனை அணைத்துவிட்டார். பாராட்டியவர்களில் நானும் ஒருத்தி என்று சொன்னேன். அக்கா கேட்டார்:

"நீங்க எல்லாப் பேப்பரும் பாத்தீங்கதானே. அவரு பேர எங்கயாச்சும் போட்டிருந்தாங்களா?"

இல்லை என்றேன். சாவு வீடு என்றுகூட யாரும் எழுதவில்லை.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது கையில் மாவுக்கட்டோடு ஒருவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா எழுந்து அவருக்குத் தேநீர் ஊற்றினார். சிவலிங்கம், பக்கத்து லயம், முத்தையா அண்ணனோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர். அவர்தான் அந்தக் காவலாளி. பத்திரிகையில் வாசித்தபோது நான் மனதில் வரைந்திருந்த ஆளுக்கும் இவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சாவி தன்னிடம் இல்லை என்பதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

கொழும்பு திரும்பியதும் என் பதிவை அழித்தேன். மூன்று இடத்துக்கும் நடந்ததை எழுதி அனுப்பினேன். ஓர் இடத்திலிருந்து பதில் வந்தது: பாடையின் படம் இருக்கிறதா? இல்லை. பாடை தூக்குகிறவர்கள் படமா எடுப்பார்கள்?

இந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு: டயகமவிலிருந்து ஹட்டனுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே நடத்துனரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குடையும் கம்பளிச் சட்டையும் எந்த மாதத்திலும் தேவை. தேயிலைக் கொழுந்து எடுப்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். பங்களாவில் அறை எடுப்பதாக இருந்தால், தோட்டத்து ஆட்களுக்கு வழி திறந்திருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த கேட்டைப் பூட்டியது நம்மைப் போன்றவர்களின் வசதிக்காகத்தான்.

வழக்கு அடுத்த மாதம் நுவரெலியாவில். அக்காவோடு நானும் போகிறேன். சிவலிங்கமும் வருகிறார். தன்னை யாரும் அடிக்கவில்லை, கேட் சரிந்து விழுந்தேன் என்று சொல்லப் போகிறாராம். அன்று ஆட்டோவரை என்னை வழியனுப்ப வந்தபோது, சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"வேல போயிரும்," என்றார். கட்டுப் போட்ட கையை மறுகையால் தாங்கிக்கொண்டு, "பாடைய நிப்பாட்டினது நான்தானே மிஸ்," என்றார்.