குதிரைகளுக்கு ஒரு கூரை கேட்டேன்

அன்புச் சகோதரிகளே, என் மகள் ஸஹ்றா குறைமாதத்தில் பிறந்தவள். பிறந்தபோது அழவில்லை. ஐந்து வயதாகியும் அவளால் உட்கார முடியவில்லை. சுவரோடு சாய்த்து வைத்தால் சரிந்துவிடுவாள். கால்கள் இரண்டும் இறுகிப் பின்னிக்கொள்ளும். மூளையில் ஏற்பட்ட பாதிப்பு, முழுதாக மாறாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

நான் யுத்தத்தில் மன்னாரிலிருந்து சிறுபிள்ளையாக இடம்பெயர்ந்து வந்து, குறிஞ்சிப்பிட்டியில் வாழ்க்கைப்பட்டவள். கணவர் ஒரு ஹாஜியாரின் வெங்காயத் தோட்டத்தில் வேலை செய்கிறார். ஐந்து வருடங்கள் ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் ஒன்றையே கேட்டேன்: என் பிள்ளை நடக்க வேண்டும். பிறகு கேட்பதை விட்டுவிட்டேன். தொழுதேன், சலாம் கொடுத்து முடித்தேன், எழுந்து அடுப்படிக்குப் போனேன். இதை வெளியே சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான்.

யுத்தம் முடிந்து சில வருடங்களில், சிலாபத்தைச் சேர்ந்த நிலாந்தி மிஸ் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோட்டம் எடுத்து, இரண்டு குதிரைகளை வைத்து, ஏலாத பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். அவர் பிசியோதெரபி படித்தவர். குதிரை நடக்கும்போது மேலே இருக்கும் பிள்ளையின் இடுப்பும் நடப்பது போலவே அசையும், உடம்பு தன்னைத் தானே நிமிர்த்திப் பழகும் என்று விளங்கப்படுத்தினார்.

"பொம்பளப் புள்ளய குதிரையில ஏத்துறதா?" என்று அயலில் கதைத்தார்கள். என் கணவர் ஒரே வார்த்தையில் முடித்தார். "ஏத்துவோம்."

சனிக்கிழமைகளில் கொண்டுபோனோம். முதல் நாள் ஸஹ்றா பயத்தில் அலறினாள். மூன்றாவது வாரம் சிரித்தாள். சில மாதங்களில், இரண்டு பக்கமும் ஆட்கள் பிடித்துக்கொள்ள, தலையை நேராக வைத்துக்கொண்டு ஒரு சுற்று வந்தாள். அவள் கால்கள் கொஞ்சம் தளர்ந்தன. உடுப்பு மாற்றும்போது அது எனக்குத் தெரிந்தது.

அந்த வருட மாரி மழையில் குதிரைகள் நின்ற ஓலைக் கொட்டில் விழுந்தது. தோட்டம் முழுவதும் தண்ணீர். ஈரத்திலேயே நின்று குதிரைகளின் குளம்புகள் அழுகத் தொடங்கின. பயிற்சி நின்றது. ஒரு மாதத்தில் ஸஹ்றாவின் கால்கள் பழையபடி இறுகின.

நிலாந்தி மிஸ் வீட்டுக்கு வந்தார். கதிரையில் உட்காரவில்லை. "நான் என்ன செய்யிற, ஸஹ்றாட உம்மா? கூரையும் இல்ல, காஞ்ச நிலமும் இல்ல. நுவரெலியாவுல ஒராள் குதிரைகளக் கேக்கிறார். மாசம் முடிய லொறி வருது."

அன்று வெள்ளிக்கிழமை. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு முஸல்லா விரிப்பிலேயே இருந்தேன். பெரிதாக எதையும் கேட்கும் தைரியம் இல்லை. பிள்ளை நடக்க வேண்டும் என்று கேட்கவில்லை. "யா அல்லாஹ், அந்தக் குதிரைகளுக்கு ஒரு கூரை தா" என்று மட்டும் கேட்டேன். பொழுது பட்டு மஃரிப் வரை அதையே கேட்டேன்.

"என்ன கேட்ட?" என்றார் கணவர். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

இரண்டு வாரங்கள் எதுவும் நடக்கவில்லை.

பிறகு ஒரு நாள், ஸஹ்றாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளினிக்கிலிருந்து வரும்போது, பாதையோரம் ஒரு வேன் நின்றது. சில மாணவர்கள் ஒரு கழுதையைப் பிடித்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் காட்டுக் கழுதைகள் அதிகம். அதன் காலில் முள்ளுக் கம்பி கிழித்திருந்தது. ஒரு பெண் மண்ணில் முழங்காலிட்டு மருந்து கட்டினார். மிருக வைத்தியம் கற்பிக்கும் பல்கலைக்கழக ஆசிரியை என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார்.

நான் தெரியாத ஆட்களோடு கதைக்கிறவள் இல்லை. அவர்கள் கதைத்தது சிங்களம், எனக்கு அது அரைகுறை. ஆனாலும் கிட்டே போய், தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்: "மிஸ், இங்க ரெண்டு குதிரையும் இரிக்கி. காலு அழுகிப் போச்சு. அதுலதான் என்ட மகள் ஏறுறவ."

அவர் ஸஹ்றாவைப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு, "எங்கே, காட்டுங்கள்" என்றார்.

குளம்புகளைப் பார்த்துவிட்டு, இந்த நிலையில் லொறியில் ஏற்றக்கூடாது, முதலில் காய்ந்த தரை வேண்டும் என்றார். அன்று பின்னேரமே என் கணவர் ஹாஜியாரிடம் போய், வெறுமையாகக் கிடந்த வெங்காயக் கொட்டிலைக் கேட்டார். உயரமான தரை, தகரக் கூரை. "உன்ட மகளுக்கெண்டா கொண்டு வந்து கட்டு" என்றார் ஹாஜியார். குதிரைகள் அங்கே போயின. லொறி வெறுமையாகத் திரும்பியது.

அடுத்த முறை அந்த ஆசிரியை வரும்போது, தன் பல்கலைக்கழகத்தில் பிசியோதெரபி கற்பிப்பவர்களையும் கூட்டி வந்தார். நிலாந்தி மிஸ் வேலை செய்வதை நாள் முழுக்கப் பார்த்தார்கள். தங்கள் மாணவர்கள் இங்கே வந்து பயில வேண்டும், அதற்கு நல்ல இடமும் வேண்டும் என்றார்கள். கடிதங்களும் கூட்டங்களுமாக ஒன்றரை வருடம் போனது. இடையில் இரண்டு தரம் எல்லாம் நின்றுவிட்டது போல இருந்தது. ஒவ்வொரு வெள்ளியும் நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

இன்று மேட்டு நிலத்தில் பல்கலைக்கழகம் கட்டிக் கொடுத்த குதிரை லாயம் இருக்கிறது. மழையிலும் பயிற்சி நடக்கும்படி கூரை போட்ட மணல் திடல் இருக்கிறது. சக்கர நாற்காலியிலிருந்து நேராகக் குதிரையில் ஏறச் சாய்வு மேடை இருக்கிறது. திறப்பு நாளில் பெரியவர்கள் நிறையப் பேசினார்கள். கடைசியாகப் பள்ளி இமாம் துஆ ஓதினார். எல்லோரும் கை ஏந்தினோம். குதிரை மேல் இருந்த ஸஹ்றா எங்களைப் பார்த்தாள். பிடியிலிருந்து கைகளை எடுத்தாள். அவளும் ஏந்தினாள். பக்கத்தில் நின்ற மாணவி பதறிப்போய்ப் பிடிக்க வந்தாள். நிலாந்தி மிஸ், "விடு, விடு" என்றார்.

யாரும் பிடிக்காமல் ஆமீன் வரை இருந்தாள்.

ஸஹ்றா நடக்கிறாளா என்று கேட்பீர்கள். இல்லை. நடக்காமலே போகலாம். ஆனால் இப்போது தானாக உட்கார்ந்து, தன் கையால் பாண் துண்டைப் பிய்த்துச் சாப்பிடுகிறாள். நானும் சலாம் கொடுத்தவுடன் எழுந்து ஓடுவதில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

என்னைப் போல் கேட்டுக் களைத்து நிறுத்திய உம்மாமார் இங்கே இருப்பீர்கள். பெரிதாகக் கேட்க மனம் வராவிட்டால் சிறிதாகக் கேளுங்கள். சனிக்கிழமை காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். நான் லாயத்து வாசலில் நிற்பேன்.